கவரின் பின்பக்கக் கட்டம்

நனைந்த தபாலையும் கிழிந்த தபாலையும் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது வேலையில் சேர்ந்த ஒரே மாதத்தில் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும். கவரை மேசைமேல் வைக்க மாட்டார்கள், விசிறி எறிவார்கள். நான் பதில் பேசாமல் புகார்ப் படிவத்தை நீட்டுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் வாயைத் திறக்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

அந்த அக்கா முதல் தடவை வந்தபோதும் படிவத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த கவர் அப்படி இருந்தது. பாதி நனைந்து உப்பி, மேலே வரைந்திருந்த பூவெல்லாம் கரைந்து, நடுவில் கறுப்பாக டயர் தடம். ஆனால் அவர் அதை இரண்டு கையாலும் மெதுவாகக் கவுன்டரில் வைத்தார். "இத யாருங்க கொண்டாந்து குடுத்தது?" என்று கேட்டார்.

எங்கள் தபால்காரர் பின்னால் தபால் பிரித்துக்கொண்டிருந்தவர், அப்படியே குனிந்துகொண்டார். முந்தின நாள் மழையில் சைக்கிள் சறுக்கிப் பை கவிழ்ந்துபோன கதையை எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. எந்த இடத்தில் விழுந்தது என்று கேட்டார். பாலக்கரையாண்ட என்றார் அவர். மேலே ஏறியது பஸ்ஸா ஆட்டோவா? ஷேர் ஆட்டோ. முன் சக்கரமா பின் சக்கரமா? தபால்காரர் என்னைப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போகிற கேஸ் என்றே நினைத்துவிட்டார் மனுஷர். முன் சக்கரம்தான் என்று முணுமுணுத்தார்.

அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, டயர் தடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பாலக்கரை, மழை, ஷேர் ஆட்டோ முன் சக்கரம்' என்று எழுதினார். கவரைத் தள்ளிப் பிடித்து ஒருமுறை பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புகார்ப் படிவம் என் கையிலேயே இருந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரும் எந்தக் கவரிலும் பெயர் எழுதியதில்லை. அனுப்புநர் இடத்தில் கதவு எண்ணும் தெருவும் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அகல் விளக்கு வரைந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிலேயே பாதி விலாசம் புரிந்துவிடும். விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைப் பக்கம் போனால் வீட்டுக்கு ஒருவராவது அகல் விளக்கோ பொம்மையோ செய்கிற யூனிட்டில் வேலை பார்ப்பார்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். பொம்மை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் பண்ண வேண்டும். விரல் ரேகை பதிந்தால் அதையும் துடைக்க வேண்டும். இருபது வருஷமாக இதே வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தபால் நிலையத்துக்கு வருவார். தலை வகிட்டில் வெள்ளையாக மண் படிந்திருக்கும். கைகள் மட்டும் எப்போதும் ஊறிப்போய்ச் சுத்தமாக இருக்கும்.

போனில் அவருக்கு ஒரு குழு இருந்தது. கையால் கவர் செய்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்கிற ஆட்கள். மெயில் ஆர்ட் என்று அதற்குப் பெயர். அக்கா அதைக் 'கவரு' என்று மட்டும் சொல்வார். தஞ்சாவூரில் ஒரு பஸ் கண்டக்டர் கிழிந்த டிக்கெட்டுகளை ஒட்டிக் கவர் செய்வார். நாகர்கோவிலில் ஒரு லேப் டெக்னீஷியன் பெண் எக்ஸ்ரே உறைகளைத் திருப்பி மடித்து அனுப்புவாள். அக்கா தன் கவர்களில் கப்புகளுக்கு ஒட்டுகிற பூப்படத் தாள்களின் வெட்டுத் துண்டுகளை ஒட்டுவார். டீத்தண்ணி, மஞ்சள், குங்குமம், செம்மண் எல்லாம் வண்ணம். தண்ணீர் பட்டால் கரைகிற வண்ணமாகப் பார்த்தே போடுவார். விலாசத்தின்மேல் மட்டும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுவார். விலாசம் அழிந்தால் எனக்குத் தொந்தரவு என்று அவருக்குத் தெரியும்.

எல்லோரும் வெயில் பார்த்துத் தபால் போடுவார்கள். இவர் மழை பார்த்துப் போடுவார். ஐப்பசியில் வானம் இருட்டியதும் மற்றவர்கள் கூரைக்கு ஓடுவார்கள், அக்கா முந்தானையில் நாலைந்து கவரை வைத்துக்கொண்டு எங்களிடம் ஓடி வருவார். கவருக்குள் ஒன்றும் இருக்காது. அவர் வீட்டுக்காரர் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டுபவர். "லெட்டருன்னா உள்ள சேதி இருக்கணும்ல மேடம், இவ வெறுங்கவர அனுப்பிட்டு வெறுங்கவரு வருதான்னு வாசல்ல நிக்குறா" என்று என்னிடம் புலம்புவார். புலம்புவாரே தவிர, லாரியில் வரும்போது வழியில் கண்ட மருந்துக்கடைக் கவர், கல்யாணப் பத்திரிகை, உரமூட்டைத் தாள் எல்லாம் இவருக்காகப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். வந்த கவர்களைப் பொம்மை அட்டைப் பெட்டிகளில் போட்டுவைத்திருந்தார். அனுப்பியவர் பேர்ப்படி அடுக்கியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, வழியில் என்ன நடந்ததோ அதன்படி. நனைந்தது ஒரு பெட்டி, கிழிந்தது ஒரு பெட்டி, ஊர் மாறிப் போய்விட்டுத் திரும்பி வந்தது ஒரு பெட்டி, எலி கடித்ததற்குத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பா. சேதமே இல்லாமல் அப்பழுக்கில்லாமல் வந்த கவர்களைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் போட்டிருந்தார். பாவம், அதுகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

இது என்ன ஆசை என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பொம்மையில எங்கையி பட்டது தெரியக் கூடாதுன்னுதான் மேடம் எனக்குக் கூலி. தெரிஞ்சா செகண்ட்ஸுன்னு ஒதுக்கிடுவாங்க. இது ஒண்ணுலதான் எத்தன கையி பட்டுச்சோ அத்தனயும் தெரியுது."

எனக்குச் சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு தடவை களிமண்ணிலேயே போஸ்ட் கார்டு செய்துகொண்டு வந்தார். அப்பளம் கனத்துக்குத் தேய்த்து, ஆணியால் விலாசம் கீறி, பொம்மைகளோடு சூளையில் வைத்துச் சுட்டது. தபால்தலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். தேதி சீல் அடித்தால் உடைந்துவிடும் என்றேன். உடையட்டும் என்றார். இப்படியெல்லாம் அனுப்ப முடியாது என்று விதியைச் சொன்னேன். நீங்கள் அடித்துப் பாருங்கள், உடைந்தால் கவரில் போட்டு அனுப்பிவிடலாம் என்று எனக்கே யோசனை சொன்னார். எரிச்சலில் ஒரு போடு போட்டேன். மூன்று துண்டாகிவிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு துண்டைக் கண்டக்டருக்குக் கவரில் அனுப்பிவிட்டு, ஒரு துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். உடைத்த எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அந்தக் கட்டம் எப்போது வர ஆரம்பித்தது என்று நினைவில்லை. கவரின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு, மேலே 'இந்தக் கவர் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஏதாவது எழுதலாம்' என்று எழுதிவிடுவார். எழுத வேண்டியது வாங்குகிறவர் இல்லை. நடுவில் இருக்கிற நாங்கள்தான். கவரை என்னிடம் கொடுக்கும்போதே கட்டம் மேலே தெரிகிற மாதிரித்தான் வைப்பார். தபாலில் நாங்கள் எதுவும் எழுதக் கூடாது, எழுதினால் வேலைக்கே உலை வைத்துவிடும் என்று ஒருமுறை சொன்னேன். சரிங்க என்று தலையாட்டினார். அடுத்த வாரம் அதே கட்டம். எங்கள் தபால்காரர் மட்டும் ஒருநாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டை விரலை மைப்பெட்டியில் ஒற்றிக் கட்டத்தில் வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

என்னால் அப்படி விளையாட முடியாது. என் அப்பா விழுப்புரம் பக்கத்தில் தபால்காரராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் இந்தக் கவுன்டர் வேலை எனக்கு வந்தது. அம்மாவும், காலேஜில் படிக்கிற தம்பியும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். எனக்கு இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அது முடியும்போது என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுகிறவர் எங்கள் போஸ்ட்மாஸ்டர்.

அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன், கெட்டவர் இல்லை. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்பாவின் திதிக்கு ஒரு நாள் லீவு கேட்டிருந்தேன். எள்ளும் தண்ணீரும் தம்பி விட்டுவிடுவான், நான் பக்கத்தில் நின்றால் போதும். ஆனால் லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அப்பா செத்ததால் வேலை வாங்கியவள், இப்போது அப்பாவைச் சொல்லியே லீவும் வாங்குகிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்கிற வீம்பு. போஸ்ட்மாஸ்டர் பார்த்தார். ஏற்கெனவே ஓர் ஆள் லீவில் இருப்பதையும் அன்றைக்குக் கூட்டம் வரும் என்பதையும் சொல்லி, முடியாதும்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாளில் கூட்டம் வந்தது. கம்ப்யூட்டர் இணைப்பு காலையிலேயே படுத்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அம்மா இரண்டு தடவை போன் பண்ணினாள், எடுக்க முடியவில்லை. மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தபோது தட்டில் இருந்த தபால்களுக்குச் சீல் அடிக்க உட்கார்ந்தேன். உள் அறையில் போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியால் கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். கையில் இருந்தது நாகர்கோவில் பெண்ணுக்குப் போகிற அக்காவின் கவர். திருப்பினேன். கட்டம் காலியாக இருந்தது.

எழுதிவிட்டேன். முதல் வரி, 'இன்று என் அப்பாவின் திதி.' அதற்குக் கீழே, லீவு கேட்டேன், ஏன் என்றுகூடக் கேட்காமல் மறுத்துவிட்டார், அந்தக் கல்நெஞ்சுக்காரப் போஸ்ட்மாஸ்டர் இப்போது உள்ளே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்கிறார் என்று கட்டம் நிறைய எழுதினேன். முன்பக்கம் எங்கள் ஊர் பெயரும் தேதியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி நானே சீல் அடித்து, பையில் போட்டுக் கட்டி, வேனில் ஏற்றி அனுப்பியும்விட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வேன் தெருமுனை திரும்பியதும்தான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

பத்து நாள் சோறு இறங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் மறந்தும்விட்டேன்.

அப்போதுதான் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தபால்தலைக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். கையால் செய்த கவர்களும் வைக்கலாமாம். எங்கள் போஸ்ட்மாஸ்டர்தான் அக்காவின் பேரைச் சொல்லியிருந்தார். களிமண் கார்டு உடைந்த கதையை மேலதிகாரி வரைக்கும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். அக்கா தன் ஆட்களுக்கெல்லாம் போன் பண்ணி, அவர்களிடம் போன தன் கவர்களை நேராகக் கண்காட்சிக்கே அனுப்பச் சொன்னார். ஒருநாள் கவுன்டருக்கு வந்தவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"நாகர்கோயில் பொண்ணு ஒரு கவரு அனுப்பியிருக்குதாம் மேடம். பின்னாடி கட்டம் நெறஞ்சி போயி இருக்குதாம். என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது, நேர்ல வந்து பாருங்கன்னுது."

எந்தக் கவர் என்று கேட்டேன். முன்பக்க சீலில் இருந்த தேதியை அந்தப் பெண் சொன்னாளாம். அக்கா அதைச் சொன்னார். அப்பாவின் திதி நாள்.

மறுநாள் மதியம் அவருடைய யூனிட் வாசலுக்கே போய் நின்றேன். காயப்போட்ட பொம்மைப் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்றேன். எழுதுனீங்களா என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உங்கள் கட்டமும் நீங்களும், இதனால் என் வேலை போகப்போகிறது, அந்த அறிக்கையை எழுதுகிறவரையே நான் அதில் திட்டியிருக்கிறேன், அவரும் அங்கே வந்து படிக்கப்போகிறார், என் வீட்டில் மூன்று பேர் என்ன செய்வோம் என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

அக்கா என்ன எழுதினேன் என்று கேட்டார். வரி வரியாகச் சொன்னேன். சாப்பாட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "அன்னிக்கு உங்க அப்பாவுக்குத் திதியா? என்கிட்டகூட நீங்க சொல்லலியேம்மா" என்றார். அதுவரைக்கும் என்னை மேடம் என்று மட்டும் கூப்பிட்டவர்.

நாகர்கோவிலுக்குப் போன் பண்ணி, என் பேச்சை எடுக்காமல் கவர் எங்கே என்று மட்டும் கேட்டார். கவர் ஏற்கெனவே கடலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, தானே போய்க் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொன்னார். அவர்கள் குழுவில் அது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அனுப்பியதைத் திருப்பிக் கேட்கவே கூடாது, அது கையைவிட்டுப் போனதும் அடுத்தவர் சொத்து. இத்தனை வருஷத்தில் ஒரு கவரையும் அவர் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன், ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்றார்.

கண்காட்சி அன்று காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அதே பஸ்ஸில் போஸ்ட்மாஸ்டரும் ஏறுவார் என்று யார் கண்டது? இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். நெய்வேலி தாண்டியதும் பையைத் திறந்து ஆளுக்கொரு கொய்யாப்பழம் கொடுத்தார். வீட்டு மரத்துப் பழமாம். சாப்பிடும்மா, ஏன் கையிலேயே வைத்திருக்கிறாய் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக் கேட்டார். அந்தப் பழத்தை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

பஸ் வழியில் ஒரு இடத்தில் பழுதாகி இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்காட்சி திறந்து, எங்கள் மேலதிகாரியான கோட்டக் கண்காணிப்பாளர் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அக்காவின் கவர்களை இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி கிளிப்பில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் கண்ணாடி போட்டிருந்தார்கள். இனிமேல் எடுக்க முடியாது என்று அங்கிருந்த ஆள் சொல்லிவிட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பின்பக்கம் போனார். நான் குனிந்துகொண்டேதான் போனேன்.

"நிமிந்து பாரும்மா" என்றார்.

கட்டத்துக்குள் ஐந்து சீல். ஒன்றின்மேல் ஒன்றாக, கன்னங்கரேலென்று, நல்ல மை தொட்டு அடித்தது. கட்டத்துக்கு வெளியே ஒரு பொட்டு மை சிதறவில்லை. லீவு, மறுத்தது, கல்நெஞ்சு, போஸ்ட்மாஸ்டர், கொய்யாப்பழம், ஒன்றுமே இல்லை. எந்த ஊர் சீல், எந்தத் தேதி என்றும் படிக்க முடியவில்லை. ஆனால் மேலே முதல் வரி அப்படியே இருந்தது. 'இன்று என் அப்பாவின் திதி.' அந்த வரியின் எழுத்துக் கால்கூட மறையாமல் அதற்கு அடியிலிருந்து சீல் ஆரம்பித்திருந்தது.

சீல் அடிக்கிறவளுக்குத் தெரியும், இது தவறிப்போய் விழுந்தது இல்லை. அவசரத்தில் அடித்தால் ஒன்று விழும், கை நழுவினால் இரண்டு விழும். ஐந்து தடவை, ஒரு வரியை விட்டுவிட்டு, மீதியை மட்டும் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டுமென்றால் ஓர் ஆள் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்க வேண்டும். எங்கேயோ தபால் பிரிக்கிற இடத்தில், என்னை மாதிரி சம்பளம் வாங்குகிற ஒருவர். எழுதினது எந்த ஊர் ஆபீஸ் ஆள், அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

அதற்குள் கண்காணிப்பாளர் போஸ்ட்மாஸ்டரோடு அங்கே வந்துவிட்டார். அந்தக் கவரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இப்படியா சீல் அடிப்பார்கள், ஒரு தேதியாவது படிக்க முடிகிறதா, எந்த ஆபீஸ் வேலை இது என்றார். முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். யார் எழுதியது என்று அக்காவைக் கேட்டார்.

அக்காவை எனக்குத் தெரியும். ஒரு கீறல் எப்படி விழுந்தது என்று கேட்டால் முன் சக்கரம் பின் சக்கரம் வரைக்கும் சொல்கிறவர். ஒளிக்கத் தெரியாதவர். அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நான் கட்டத்த வெறுமனதாங்க சார் அனுப்புனேன். வழியில யாரு என்ன எழுதுனாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

கண்காணிப்பாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். போஸ்ட்மாஸ்டர் போகவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே குனிந்தார். தினமும் என் கையெழுத்தில் கணக்கு பார்க்கிறவர். முன்பக்கம் போய்த் தேதியைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"சொந்த வேலன்னுதானம்மா எழுதியிருந்த."

"ஆமா சார்."

சீல்களை விரலால் காட்டி, அதற்கு அடியில் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டார். கோபத்தில் ஏதோ எழுதினேன் சார் என்றேன். என்ன என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முதல் வரியை இன்னொரு தடவை படித்தார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கவுன்டர்ல உக்காந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு, கண்காணிப்பாளருக்குப் பின்னாலேயே வேகமாக நடந்துபோனார்.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் எனக்கு ஒரே வெறி பிடித்தது. அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். நாகர்கோவில் பெண்ணிடம் கவர் எந்தத் தேதியில் வந்தது, எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்டால் நாலைந்து இடத்துக்குள் குறுக்கிவிடலாம், போன் போடுங்கள் அக்கா என்றேன். இதுமாதிரி விசாரணையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் போனை எடுக்கவில்லை.

"வேணாம்மா. தபால்ல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் உனக்கு மட்டுமா? தேடிக் கண்டுபுடிச்சா அவருதான் மாட்டிக்குவாரு. அவரு தெரியாமலே இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வருஷக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கிய உத்தரவு வந்தது. அறிக்கையில் போஸ்ட்மாஸ்டர் நல்லதாகவே எழுதியிருந்தார். அடுத்த திதிக்கு நான் காரணத்தை எழுதிக் கொடுத்தேன், அவர் கவுன்டரில் உட்கார்ந்தார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மண்டபத்துக்கு எதிரில் இருந்த ஹோட்டலுக்கு அக்கா என்னை அழைத்துக்கொண்டு போனார். மணி பதினொன்றுதான் இருக்கும். ஒரு பொங்கல் சாப்பிட்டேன், போதவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். அதையும் சாப்பிட்டுவிட்டு ஒரு தோசை கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வாய் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. அப்பா போன பிறகு அப்படி வயிறு நிறைய நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.